ஐந்தாவது துணி

நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில், ஷிப்டு தொடங்கும்போது ஆளுக்கு ஐந்து துணி தருவார்கள். பனியன் வேஸ்ட்தான், வேறொன்றுமில்லை. பழுதான ஜெனரேட்டர் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவது எங்கள் வேலை. முடிந்ததும் அந்த ஐந்தையும், எவ்வளவு கரி பிடித்திருந்தாலும், சாமான் அறைக்காரரிடம் திருப்பித் தர வேண்டும். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு குச்சியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் என்ஜினை ஓட்டிப் பார்க்க விடமாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்கள், கந்தல் துணிக்கு இத்தனை கெடுபிடியா என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த விஷயத்தில் சிரிப்பெல்லாம் தீர்ந்து நாளாயிற்று.

போன வாரம் அப்படித் துணிகளை நீட்டியபோது, ஒன்றிலிருந்து டீசல் கரி வாடை மூக்கில் ஏறியது. பழைய பருத்தியும் எண்ணெய்ப் புகையும் கலந்த வாடை. நீங்கள் முகர்ந்தால் அருவருப்பாகத்தான் இருக்கும். எனக்கு அது ஒரு காலத்தில் அம்மாவின் புடவையில் இருந்த வாடை.

அம்மா நடவு மேஸ்திரி. வில்லியனூரைத் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எங்கே நடவு என்றாலும் போவாள். அப்பா வாங்கிய பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. அவர் போன பிறகு அதை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அம்மா விற்கவில்லை. வண்டி இருந்தால்தான் தூரத்து வயல் கிடைக்கும் என்பது அவள் கணக்கு. அதனால் டிப்ளமா முடித்து இரண்டு வருஷமாகச் சும்மா இருந்த நான் டிரைவர் ஆனேன். பின்னால் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சரக்கு வண்டியில் ஆளேற்றக்கூடாதுதான். எங்கள் பக்கத்துச் சாலைகள் கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடியும் புதுச்சேரி என்று மாறி மாறி வரும். எந்த போலீஸுக்கு எங்கே உட்கார வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டு வெடித்துப்போனது. உள்ளே வரும் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற அலுமினியக் குழாய் அது. கட்டை விரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களையும் விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த உருவம்தான். யாரோ எப்போதோ பசை வைத்து அடைத்திருந்த விரிசல் மறுபடியும் வாய்விட்டது. மிதித்தால் ‘உஸ்’ என்று சத்தம், பின்னால் கரும்புகை. புகையெல்லாம் நின்றுகொண்டு வருகிற பெண்கள் மேல். கூட்டத்தில் மூத்தவளான அஞ்சலை அத்தை ஒருநாள் இறங்கும்போது, “நடவுக்குப் போறமா, கரி மூட்டம் போடப் போறமா, மேஸ்திரி?” என்று அம்மாவிடம் கேட்டாள். பார்வை என்மேல் இருந்தது.

சோரியாங்குப்பத்தில் நான்கு காணி நிலம் வைத்திருந்த ஒருவர், பல வருஷமாக அம்மாவின் ஆட்களைத்தான் கூப்பிடுவார். சம்பாவில் எங்களுக்கு முதல் நடவு அவருடையது. அங்கே நன்றாக நட்டால் அக்கம்பக்கத்து வயல்களும் வரும், அந்தப் பருவம் ஓடிவிடும். அந்த வருஷம், நாற்றைப் பறித்து முடி கட்டிவிட்டதாகவும் புதன்கிழமை விடிந்ததும் கால் வைத்துவிட வேண்டும் என்றும் திங்கட்கிழமையே போன் செய்தார். பறித்த நாற்று காத்திருக்காது. மதகடிப்பட்டு மெக்கானிக்கோ மூன்று நாள் ஆகும் என்றுவிட்டார்.

நானே மாற்றுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் அப்படிச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அது ஒரு பெரிய ஆபத்து என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மதகடிப்பட்டில் பழைய சாமான் கடையிலிருந்து நல்ல மேனிஃபோல்டு ஒன்றும், காற்றுக் கசியாமல் இடையில் வைக்கிற புது பேக்கிங்கும் வாங்கி வந்து, செவ்வாய்க்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. காற்று வருகிற ரப்பர் குழாயை இழுத்து ஓரமாகத் தள்ள வேண்டும், பிறகு நட்டுகள். ஆனால் அடியில் ஒரு நட்டு இருந்தது. கை போகும், கண் போகாது. அதற்கு மட்டும் ஒரு மணி நேரம். விரல் முட்டியில் தோல் போனது. பழைய மேனிஃபோல்டு கழன்று வந்ததும் என்ஜினில் நான்கு ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றுக்குள் ஒரு மணல் துகள் விழுந்தாலும் என்ஜின் கெட்டது. அடைக்கத் துணி கேட்டேன்.

அம்மா பழைய ஊதாப் புடவை ஒன்றை எடுத்து வந்து கிழித்தாள். கிழிக்கும்போதே எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். பிறகு ரெண்டு, மூணு என்று போகும். அம்மா நாற்று முடியையும் அப்படித்தான் எண்ணுவாள், கூலிக்கு வந்த ஆளையும் அப்படித்தான், ரேஷன் அரிசியை ஆழாக்கில் அளந்து உலையில் போடும்போதும் அப்படித்தான். நான் ஒன்றாம் வகுப்பில், மேசைமேல் வைத்த புளியங்கொட்டைகளை “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணினேன். டீச்சர் அடிக்கவில்லை. சிரித்துவிட்டு, இன்னொரு முறை எண்ணச் சொல்லி, பக்கத்து வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அன்றிலிருந்து வீட்டுக் கணக்கின்மேல் எனக்கு ஒரு சந்தேகம். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட வெட்கம் எங்கெங்கே போய் உட்காரும் என்று யார் கண்டது.

நான்கு ஓட்டைக்கு நான்கு துணி. ஐந்தாவதை, தள்ளி வைத்திருந்த ரப்பர் குழாயின் வாயில், விழுந்துவிடாமல் இரண்டு விரல் ஆழத்துக்குச் செருகினேன். செருகிய கையோடு டீ வந்தது. டீயோடு அஞ்சலை அத்தையும் வந்தாள். டிப்ளமா படித்த பிள்ளை காற்றுக் குழாய் மாற்றவே ஒரு நாள் ஆகிறதே, என்ஜினே போனால் தை வந்துவிடுமா என்று விசாரித்தாள். அந்த எரிச்சலில் குழாய் மறந்துபோனது.

பிறகு பழைய பேக்கிங்கைச் சுரண்டி, பரப்பைத் துடைத்து, ஓட்டைகளிலிருந்த துணிகளை உருவிப் போட்டேன். புது மேனிஃபோல்டை வைத்து, நடுவிலிருந்து இருபுறமும் ஓரம் நோக்கி, புத்தகத்தில் படித்த அதே வரிசையில் நட்டுகளை முடுக்கினேன். ரப்பர் குழாயை மாட்டி கிளாம்ப்பை இறுக்கியபோது அம்மா கீழே கிடந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு குடுத்தன். நாலுதான கீது.”

“ஓட்டையே நாலுதாம்மா. துணியும் நாலுதான்.”

“எண்ணிக் குடுத்தன்டா.”

“லாபத்த ஒரு தபா, ஒண்ண ஒரு தபா எண்ணியிருப்ப. அதான் ஒண்ணு ஜாஸ்தி வருது.”

அம்மா என்னைப் பார்த்தாள். “லாபம்னாலே ஒண்ணுதான்டா” என்றாள். கோபமில்லை. என்னவோ, நான் இன்னும் ஒன்றாம் வகுப்பிலேயே இருப்பது போலவும், அதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டது போலவும் ஒரு பார்வை.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ‘உஸ்’ இல்லை, புகை இல்லை. தெருவில் ஒரு சுற்றும் போய் வந்தேன். நிற்கிற வண்டிக்கும் காலி வண்டிக்கும் கொஞ்சம் காற்றுப் போதும் என்பது அப்போது என் ஞாபகத்தில் இல்லை. துணிகள் நான்குதான் என்பதற்கு என்ஜினே சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடியும்போது கிளம்பினோம். கிருமாம்பாக்கம் தாண்டி, ஆள் பாரத்தோடு கொஞ்சம் வேகம் எடுத்ததும் வண்டி திணறியது. இழுவை குறைந்தது, பின்னால் ஒரே கரும்புகை, பிறகு அணைந்துபோனது. பெண்கள் இருமிக்கொண்டே இறங்கினார்கள்.

அம்மா பானெட் பக்கம்கூட வரவில்லை. சாலையோரம் நின்று, “அந்த அஞ்சாவது துணியப் பாரு” என்றாள்.

“சும்மா இரும்மா.”

கரும்புகை என்றால் காற்றுப் பற்றாக்குறை. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அன்று டீசல் பில்டரைக் கழற்றினேன். டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்குமோ என்று அதைப் போக்கினேன். நான் முடுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கிப் பார்த்தேன். ரப்பர் குழாயை மட்டும் தொடவில்லை. தொட்டால் துணி இருந்துவிடுமோ என்று பயந்தேனோ என்னவோ. இரண்டு பேருந்துகள், உள்ளே கூட்டம் என்று கையைக் காட்டிவிட்டு நிற்காமல் போயின. அம்மா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

அவர்கள் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் கிளாம்ப்பைத் தளர்த்தினேன். குழாய்க்குள் காணோம். காற்று அதை உறிஞ்சி மேனிஃபோல்டின் வாயில் கொண்டுபோய் அடைத்திருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தேன். கரி அப்பிய துணியில் ஒரு ஓரம் மட்டும் இன்னும் ஊதாவாக இருந்தது.

சோரியாங்குப்பம் போகும் வழியில் அவர்களைப் பிடித்தேன். அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தாள். துணி முன் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. ஒளிக்கத் தோன்றவில்லை, ஒளித்திருக்கலாம். அவள் அதை எடுத்து, மடியில் வைத்து நீவி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வயலில் வேறு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அந்தண்டைத் தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்தவர்கள், முதல் காணியைப் பாதி முடித்திருந்தார்கள். வயல்காரர் கெட்டவரில்லை. எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “நாத்து வெயில்ல காயுது மேஸ்திரி, நான் இன்னா பண்ண?” என்று அவர்தான் சங்கடப்பட்டார். அம்மா வரப்பில் நின்று, அந்தப் பெண்கள் நடும் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடைவெளி அதிகமாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு கால் நனையாமல் பதின்மூன்று பேரும் திரும்பி வந்து வண்டியில் ஏறினார்கள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அஞ்சலை அத்தை என் தோளைத் தொட்டாள். “ஏன்பா, உங்க காலேஜில நாலு வரைக்கும்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததற்கு அவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வயல் மறுபடி எங்களுக்கு வரவில்லை. மறுவருஷம் அங்கே நடவு எந்திரம் இறங்கியது. அது எப்படியும் இறங்கியிருக்கும், உன் துணிக்காக வரவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எந்திரம் வருவதற்கு முன்னால் ஒரு பருவம் மிச்சம் இருந்ததே, அது என் கணக்கில்தான் வரும். அக்கம்பக்கத்து வயல்களும் அன்று நட்ட அந்த ஆட்களுடனேயே போயின. எங்கள் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. இரண்டு பேர் கம்பெனியில் கூட்டித் துடைக்கப் போனார்கள், சிலர் நூறு நாள் வேலைக்கு. அஞ்சலை அத்தை மகள் வீட்டோடு போய்விட்டாள். வண்டியை விற்றோம். வாங்கியவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, மேனிஃபோல்டு வேலையை யார் செய்தது, ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியவில்லையே என்று பாராட்டினார்.

போன வாரம், அந்த வாடை மூக்கில் ஏறிய அன்று, துணிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா உலை வைத்துவிட்டு ஆழாக்கால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் சத்தமாக எண்ணுவாள். இப்போது வாய்க்குள்தான். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, ‘லாபம்’ என்கிறாளா என்று காது கொடுத்தேன். முதல் ஆழாக்கை அள்ளினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணு” என்றாள்.