தண்ணீரில் கிடந்த அந்தோணியார்

காணாமல் போனதைத் தேடிக் கொடுப்பவர் அந்தோணியார். கொடுக்காவிட்டால் அவரைத் தண்ணீரில் இறக்கிவிடுவது எங்கள் குப்பத்து வழக்கம். தொலைந்தது வளையலோ வலையோ என்றால் அரை நாளில் வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த முறை தொலைந்தவர் என் நைனா.

கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர், புயல் ஓய்ந்த பிறகும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு அந்தோணியாரை எடுத்தாள். கோட்டையிலிருந்து ஆண்ட உலாந்தாக்காரர்களுக்கு, அதாவது டச்சுக்காரர்களுக்கு, புனிதர் சிலை, சுரூபம் என்றாலே ஆகாது. அதனால் அந்தச் சாண் உயர மரச் சுரூபம் எங்கள் வீட்டில் அரிசிக்குள்தான் குடியிருந்தது. குப்பத்தை ஒட்டிய உப்பேரியில் வலை கட்டும் கம்பில் கயிற்றைக் கட்டி, அவரைத் தலைகீழாக இறக்கினாள்.

"ஊரு கேக்காத ஒம் பிரசங்கத்த மீனுங்க தலையத் தூக்கிக் கேட்டுச்சாமே! அந்த மீனுங்களாண்ட கேளு, எம் புருசன் எங்கன்னு. அவரு வர்ற வரிக்கும் நீ இங்கியே கெட!"

எனக்கு அப்போது ஏழு வயது. புனிதரையே மிரட்டுகிறாளே, கோபத்தில் அவர் நைனாவை ஒரேயடியாக மூழ்கடித்துவிட்டால்? மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாதபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். கயிற்றை இழுத்தால் அவர் முகத்தின்மேல் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. ஐயோ என்று கத்தவும் பயம். அவிழ்த்து, பாவாடையில் துடைத்து, இறால் கூடையில் ஒளித்துவைத்தேன்.

அப்புறம்தான் உண்மையான பயம் பிடித்தது. விடுதலை ஆனவர் இனி எதற்கு நைனாவைத் தேடுவார்? நானே நைனாவைக் கொன்றுவிட்டேன் என்று மூலையில் சுருண்டு கிடந்தேன்.

ஐந்தாம் நாள் நைனா வந்தார். காற்று கட்டுமரத்தை வடக்கே அடித்துப்போக, எங்கோ கரையேறி நடந்தே வந்திருந்தார். உதடு வெடித்திருந்தது, தோள் உரிந்திருந்தது, உயிர் இருந்தது. அந்தோணியாரை விடுவிக்க நைனாவின் தங்கை, என் அத்தைதான் முதலில் ஏரிக்கு ஓடினாள். வெறுங்கயிறு வந்தது.

"இன்னா அதிசயம் பாருங்க! இவரே போயி எங்கண்ணன இட்டாந்துட்டாரு!"

குப்பமே முழந்தாளிட்டது. பொய்யான அற்புதத்துக்கு என்ன தண்டனையோ! "அம்மா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"அன்னிக்கே பாத்தேன்டி. மூச்சு விடாத."

பார்த்தவள் ஏன் என்னை அடிக்கவில்லை, ஏன் அவரை மறுபடி இறக்கவில்லை என்று தெரியாமல் விழித்தேன். இறக்கிய கையால் தூக்கவும் துணியாமல், யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று அவளும் கரையில் பயந்து நின்றிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.