வழக்குப் பயத்தோடு வருத்தம் பார்க்கப் போனேன்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் எங்கள் விளையாட்டுக் கழகம் ஞாயிறுதோறும் கூடும். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கியது நான். யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு விளையாடியவள் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை, சம்பளமும் இல்லை. நானாக விரும்பிப் போன வேலை.

ஒரு ஞாயிறு, பந்துக்குப் பாய்ந்த பிள்ளையொன்று கையூன்றி விழுந்துவிட்டது. முழங்கை முறிந்து சத்திரசிகிச்சை வரைக்கும் போனது. தகப்பன் வழக்குப் போடப் போகிறாராம், பழக்கியவர்தான் பொறுப்பாம் என்று தொலைபேசியில் ஆளுக்கொரு கதை. நாங்களோ அப்போதுதான் கடன்பட்டு ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தோம். "வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதையாப் போச்சு" என்று என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஆட்களிடம், நோயில் படுத்திருக்கும் வருத்தக்காரரைப் பழப்பையோடு போய்ப் பார்க்காவிட்டால் அது பகையில்தான் முடியும். ஆனால் இந்த முறை எல்லோரும் போகாதே என்றார்கள்; போனால் பிழையை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். பிள்ளையின் அழுத முகம் என்னை விடவில்லை. அப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

கதவைத் திறந்த தகப்பன் தயங்கி நின்றார். கழகத்து ஆட்களோடு கதைக்க வேண்டாம் என்று அவருக்கும் யாரோ புத்தி சொல்லியிருந்தார்களாம். பின்னாலிருந்து வந்த தாய் என் கையிலிருந்த பையை வாங்கினார்.

"வழக்கெண்டா இவர் கதைக்கட்டும். வருத்தம் பாக்க வந்த ஆளோட நான் கதைப்பன். உள்ள வாங்கோ அக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் இருந்து கதைத்தபோதுதான் விசயம் தெரிந்தது. பிள்ளையின் கை சரிவராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் வேலைத்தலத்தில் ஒருவரிடம் விசாரித்தாராம் தகப்பன். அதுதான் ஊர் சுற்றி வழக்காகியிருந்தது. அவர் பயமும் நியாயம்தானே.

பிறகு ஒரு சட்டத்தரணியைக் கேட்டோம். கழகம் விபத்துகளுக்கென்று பணம் கட்டி எடுத்திருந்த காப்புறுதியில் சம்பளமில்லாத உதவியாளர்களும் அடக்கம், வீடு போய்விடும் என்று பயப்பட வேண்டாம் என்றார். இதைப் பழக்கத் தொடங்கும் முன்னமே கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு குட்டும் வைத்தார். அதன்பின், காப்புறுதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் நான் எந்த அரங்கிலும் கால் வைத்ததில்லை. ஆனாலும் அன்று அந்தத் தாய் உள்ளே கூப்பிட்டிருக்காவிட்டால், எந்தக் காப்புறுதியாலும் என்னை மறுபடி பந்தைத் தொட வைத்திருக்க முடியாது.