பூஜைத் தண்ணீர்

தொட்டிகளின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, ஓசூரை அடுத்த எங்கள் விதை நிறுவனத்தின் கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்த காலையில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். லேத் மெஷினுக்கும் லாரிக்கும் பொட்டு வைக்கிற ஊரில் தக்காளிச் செடிக்கு வைத்தால் என்ன என்று சிரித்துக்கொண்டே மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவை தண்ணீர் காட்டாமல் நாங்கள் வேண்டுமென்றே காயப்போட்டிருந்த செடிகள். அன்று பிற்பகல் பெங்களூரிலிருந்து இயக்குநர் வந்து அவற்றைப் பார்த்துவிட்டுத்தான், எங்கள் ஆய்வுப் பிரிவு இருக்குமா மூடப்படுமா என்று சொல்வதாக இருந்தது.

பிரிவு என்றால் உண்மையில் ஒரே ஒருவர்தான். டாக்டர் என்று நாங்கள் கூப்பிட்ட, நாகர்கோவில் பக்கத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். நானும் இன்னும் சிலரும் அவர் சொன்னதைச் செய்கிறவர்கள். செடிக்குள் சில புரதங்கள் உண்டு. எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று ஏவுவதே அவற்றின் பிழைப்பு. அப்படிப்பட்ட ஒரு புரதம்தான் தக்காளியை வறட்சியிலிருந்து மீட்கிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அதைக் கண்டுபிடிக்க வழக்கமான வழி, அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்துவிட்டு, செடிக்கு என்ன குறைகிறது என்று பார்ப்பது. பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை. செடி ஜம்மென்று நின்றது. "அப்ப அதுக்கு வேலையே இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று எங்கள் மேலாளர் கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகலேன்னா மெஷின் நிக்குமா?" என்றார். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர் என் கணவர். நிற்காது, ரிலீவர், அதாவது மாற்று ஆள், வந்து ஓட்டுவார் என்றேன். "அப்பம் உங்க வீட்டுக்காரருக்கு வேலையே இல்லேன்னு சொல்லிரலாமா?" இந்தப் புரதத்துக்கும் கூடப்பிறந்தவை நிறைய உண்டாம். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று அந்த வேலையைப் பார்த்துவிடும். "அவரை வீட்டுக்கு அனுப்பாதீங்க. மெஷின்லயே உட்கார வச்சு, சுவிட்சை அணைச்சுப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க. ரிலீவர் வந்தாலும் ஒண்ணும் ஓடாது. அப்பம் தெரியும் அவர் என்ன வேலை பார்த்தார்னு." அதற்காக அந்தப் புரதத்தின் நுனியில் ஒரு சின்ன வாலை ஒட்டினார். வால் ஒட்டிய புரதம் வழக்கமான இடத்தில்தான் போய் உட்காரும். ஆனால் மரபணுவை எழுப்பாமல் அமுக்கிவிடும். இதை வீட்டில் சொன்னபோது என் கணவர், "உங்க டாக்டரை எங்க யூனியன்ல சேத்துக்கலாம்" என்றார்.

அப்படி உண்டாக்கிய வால் செடிகள் ஒரு வரிசை, மரபணு செயலிழந்தவை ஒரு வரிசை, சாதாரணச் செடிகள் ஒரு வரிசை. எல்லாவற்றையும் ஒன்றாகக் காயவிட்டு, பிறகு ஒரே அளவாகத் தண்ணீர் கொடுத்து, எது எழுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். நடந்தது வேறு. கூடத்தைப் பார்த்துக்கொண்ட, பக்கத்துத் தளி ஊரிலிருந்து வருவதால் நாங்கள் தளி அக்கா என்று கூப்பிட்டவர், பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற அட்டையும் கழுவுவதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. "பூசை நாள்ல செடிங்க வாடி நிக்கலாமா மேடம்? கற்பூரம் காட்ட மனசு வரல. எல்லாத்துக்கும் ஊத்துனேன். ரொம்பத் தொங்கிக் கெடந்ததுக்கு இன்னும் நாலு சொம்பு சேத்து ஊத்துனேன், பாவம்" என்றார். டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தச் செடிக்கு எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்கு ஞாபகமில்லை.

அதற்குள் மேலாளர் வரிசைகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். சாதாரணச் செடிகள் தலை தூக்கியிருந்தன. மரபணு செயலிழந்தவையும் எழுந்துவிட்டன. வால் செடிகள் மட்டும் கூண்டோடு செத்துக் கிடந்தன. டாக்டர் எதைக் காட்ட ஆசைப்பட்டாரோ அதுவே கண் முன்னால் இருந்தது. "இதவிட என்னா வேணும் டாக்டர்? தண்ணி விசயத்த நாமளா எதுக்கு எடுக்கணும்?" என்றார் மேலாளர். டாக்டர் ஒரு வால் செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்தார். "ரொம்பத் தொங்கினது இதுதான். அதிகமாத் தண்ணி குடிச்சதும் இதுதான். வேர் அழுகியும் செத்திருக்கலாம்லா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளுக்கு அந்த வருடம்தான் கல்லூரி. இந்த மனுஷி வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று, பொட்டு வைத்த அந்தத் தொட்டிகளையே சாமியாக நினைத்துக் கும்பிட்டேன்.

இயக்குநர் வந்தார். குனிந்து பார்த்தார். ஒவ்வொரு வரிசையாக விசாரித்தார். முகம் மலர்ந்தது. "சூப்பர் மேடம். இது போதும். நீங்க கண்டின்யூ பண்ணுங்க" என்று கை நீட்டினார். மேலாளர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டாக்டர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தன் கையை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு, "சார், இதை வச்சு நீங்க முடிவெடுக்கக் கூடாது. அளவில்லாம தண்ணி விழுந்துட்டு. மறுபடியும் செய்யணும்" என்றார். யார் ஊற்றியது என்று இயக்குநர் கேட்டதற்கு, "கூடம் என் பொறுப்பு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு காலம் ஆகும் என்றதற்கு, முதலிலிருந்து ஒரு பயிர்க் காலம் என்றார். இயக்குநர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "அது நம்மகிட்ட இல்லையே மேடம்" என்றார்.

பிரிவு மூடப்பட்டது. தளி அக்கா ரோஜாப் பிரிவுக்குப் போனார். நான் விதைகளைப் பொட்டலம் போடும் கூடத்துக்கு வந்தேன். டாக்டர் அனுமதி வாங்கிக் கொஞ்சம் விதையை எடுத்துக்கொண்டு, தொலைவில் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். விடைபெற வந்தவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. கல்லூரியில் மறுபடியும் செய்து பார்த்தாராம். எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணீர், தன் கையாலேயே. மற்றவை எழுந்துவிட்டனவாம், வால் செடிகள் எழவில்லையாம். சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்ப அன்னிக்குப் பாத்ததே சரிதானே டாக்டர்! நீங்க பேசாம இருந்திருந்தா நாம எல்லாரும் அங்கியே இருந்திருப்போமே!" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"சரிதான். ஆனா அன்னைக்கு நமக்கு அது தெரியாதுல்லா?"

என் கோபம் தீரவில்லை. ஆனால் எங்கே போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து, "இன்னும் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.