ஹலீனா சொன்ன காதல் பழமொழி

தொண்ணூறுகளில் பலெர்மோவில், சிஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு எஜமானியம்மாவின் வீட்டில் நானும் போலந்துக்காரி ஹலீனாவும் வேலை செய்தோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலியன் மட்டும்தான். அதுவும் சிஞோரா ஏவி ஏவிப் பழக்கியது.

ஒரு மத்தியானம் வந்த கடிதத்தைப் படித்த ஹலீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சைகையும் அரைகுறைச் சொல்லுமாக விளங்கவைத்தாள்: புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டானாம். தன் மொழியில் ஏதோ சொன்னாள். அவர்கள் ஊரில் காதலைப் பற்றிச் சொல்லும் பழமொழியாம்.

அர்த்தம் கேட்டேன். அடுப்பு, வாளி, துணி என்று தெரிந்த சொற்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள், முடியாமல் அழுதாள்.

நான் தேற்ற வாய் திறந்தேன்.

"எழும்பு. முகத்தைக் கழுவு. வேலையை முடி."

எனக்குத் தெரிந்த இத்தாலியன் அவ்வளவுதான்.

ஹலீனா எழுந்து, "ஓம் சிஞோரா" என்றாள்.

தமிழில் "அழாதை பிள்ளை" என்று சொல்லியிருந்தாலே அவளுக்கு விளங்கியிருக்கும். வீடு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.