தயாளன் நின்ற பக்கம்

தயாளனுக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் செய்தவன் நான். ஊரில் இருந்தவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. டொரொண்டோவில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் அதன் முழுக் கனமும் எனக்கு உறைத்தது.

இங்கே முன்பின் தெரியாதவர்கள் அடுத்தடுத்து அமர்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் சுழலும் தங்கள் உள்ளாடைகளைக் கூச்சமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று பக்கத்தில் இருவர் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றி வாதாடினார்கள். ஆட்டத்துக்கு நாலு பாயிண்ட் எடுப்பவர் எதற்கு என்றார் ஒருவர். மற்றவர் கணினியில் அச்செடுத்த தாளை நீட்டினார். அந்த ஆட்டக்காரர் களத்தில் இருக்கையில் எதிரணி எடுத்த புள்ளிகள் ஒரு பத்தி, அவர் பெஞ்சில் இருக்கையில் எடுத்தவை இன்னொரு பத்தி. "டிஃபென்ஸ் இங்கேதான் தெரியும்" என்று இரண்டுக்கும் நடுவே விரலை வைத்தார். அந்த ஆட்டக்காரருக்கு வேலை போய்விட்டதா என்று நான் தயங்கிக் கேட்டேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்களைத் தற்காலிகத் தொழிலாளிகளாக எடுப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து, நன்றாக ஆடியவரை நிரந்தரமாக்குவார்கள். புள்ளியியல் படித்தவன் என்பதால் ஸ்கோர் நோட்டு என் கையில். தயாளன் காத்திவாக்கத்து மீனவக் குடும்பம். எதிரணியில் எவன் கெட்டிக்காரனோ அவனை மறித்து நிற்பதே அவன் ஆட்டம். அவனுக்கும் இன்னொருவனுக்கும் நடுவே ஒரே ஒரு நிரந்தர இடம்தான் இருந்தது. தேர்வுக் கூட்டத்தில் நோட்டை விரித்தேன். போட்ட பந்து, பிடித்த பந்து, பறித்த பந்து, மூன்றிலும் தயாளன் கடைசி.

எங்கள் கோச் ராயபுரத்துக்காரர். "இன்னா சார் நீ, அவன் நிக்கிற பக்கம் ஒருத்தனும் பந்தை எட்த்துகினு வர்றதில்ல. வராத பந்தை எப்டி பறிப்பான்?" என்றார்.

"அது நோட்டுல இல்லியே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் நோட்டு தோற்கக் கூடாது என்றுதான் பேசினேன். மறுவாரம் தயாளனை நிறுத்திவிட்டார்கள்.

டொரொண்டோவில் இருக்கும் மகளிடம் வந்தபோது ஏனோ அந்த நோட்டுகளையும் கொண்டுவந்திருந்தேன். யார் எப்போது களத்தில் இறங்கினார், எப்போது பெஞ்சில் உட்கார்ந்தார் என்று ஓரத்தில் குறிப்பது என் வழக்கம். துணி துவைக்கும் கடையில் பார்த்ததுபோலவே இரண்டு பத்தி போட்டு, பனிக்காலம் முழுவதும் எண்ணினேன். தயாளன் வெளியே இருந்தபோதெல்லாம் எதிரணி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புள்ளி எடுத்திருந்தது. தவற்றை ஒப்புக்கொண்டு, அந்தக் கணக்கோடு தொழிற்சாலைக்கு எழுதினேன். பதில் இல்லை. கோச் மூலம் தயாளனுக்கும் ஒரு பிரதி அனுப்பி, சில வாரம் கழித்து போன் செய்தேன்.

"காயிதம் வந்துச்சு சார்."

"என்ன மன்னிச்சிடு, தயாளா."

"இதுல இன்னா புச்சா கீது? நான் எப்டி ஆடுனேன்னு கிரவுண்டுல நின்னவனுக்கெல்லாம் தெரியும். நைனாவுக்குத்தான் தெரியாது. கம்பெனி அனுப்புச்சுன்னா எனக்கு ஆட வர்லன்னு சாவற வரிக்கும் நெனச்சுகினு இருந்தாரு. இத இப்ப யாராண்ட காட்டறது?"

முன்னால் விரித்திருந்த நோட்டை மூடினேன்.

"ஊருக்கு வந்தா எங்க வூட்டுப் பக்கம் வராத சார். அம்மாவுக்கு உன் பேரு தெரியும்."

அடுத்த சித்திரையில் ஊருக்குப் போனேன். எண்ணூர் பஸ்ஸில் ஏறி, காத்திவாக்கத்துக்கே டிக்கெட் எடுத்தேன். நிறுத்தம் வந்தது. நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டார். எழுந்து நின்றேன், இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில், வெளியூர்க்காரனைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினேன்.