காம்ஷெத் மலையில் ஸ்வாதியின் வயிறு

திருநெல்வேலியில் ரயில் ஏறி, முப்பது மணி நேரத்துக்கு மேல் ஜன்னல் கம்பியோடு குடும்பம் நடத்தி, ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை அதிகாலையில் புனேயில் இறங்கினேன். குளிர் காதைக் கடித்தது. ஸ்வெட்டர் வேண்டாம் என்று அம்மாவிடம் ஸ்டைலாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். லோக்கல் ரயில் பிடித்து ஆகுர்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நிக்டி, சித்தி வீடு.

என்னை வரவழைத்தவள் சித்தி மகள் ஸ்வாதி. பன்னிரண்டாவது முடித்தவள். பைலட் ஆக வேண்டும் என்பது அவள் முடிவு. பிரச்சினை வயிறு. பஸ், கார், ராட்டினம் என்று எதில் ஏற்றினாலும் வாந்தி. சித்தப்பா கியர் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். வீட்டிலும் அதே வேலைதான். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"காம்ஷெத் மலையில குடையக் கட்டிக்கிட்டு பாராகிளைடிங்னு பறக்கானுவள்ல? ஒரு தடவை மேல போயிட்டு வாந்தி எடுக்காம எறங்கட்டும், ஃப்ளையிங் ஸ்கூலுக்குச் சேத்துவிடுதேன். எடுத்தா பி.காம். அம்புட்டுதான்."

"நீ வா அண்ணா. நீ இருந்தா அப்பா கம்மியா கத்துவாங்க" என்றாள் ஸ்வாதி போனில். வந்துவிட்டேன். பறப்பது சனிக்கிழமை.

வெள்ளி, காலை 11 மணி. பாணேரில் ஒரு டாக்டரைப் பார்க்க சிட்டி பஸ். வாகட் தாண்டுவதற்குள் ஸ்வாதி பையிலிருந்து கவரை எடுத்தாள். சத்தமே இல்லாமல் வேலையை முடித்து, முடிச்சுப் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை, அப்படியும் எப்படி வருது?" என்றாள். எதிர் சீட் மராத்திப் பாட்டி ஒருவர் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். இந்த ஊரிலும் அதே வைத்தியம்தான்.

டாக்டர் நஸ்ரீனுக்கு முப்பது சொச்சம் வயது. கீழக்கரைக் குடும்பம். விமானப்படையில் சில வருடம் மருத்துவராக இருந்துவிட்டு இப்போது காது மூக்கு தொண்டை பார்க்கிறார். அன்றைக்கு ஸ்வாதிக்கு முன்னால் அவர் சோதிக்கப்போவது என்னைத்தான் என்பது எனக்கே தெரியாது.

"பஸ்ல போனா வாந்தியா? நமக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்படியா தம்பி? இந்தச் சேர்ல உக்காருங்க. கண்ணை மூடுங்க."

சாதாரண சுழல் நாற்காலி. சுற்றினார். வலது பக்கம் சுற்றுகிறது என்றேன், சரி. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது என்றேன். ஸ்வாதி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு இடது பக்கம் வேகமாகச் சுற்றுகிறது என்றேன், சத்தியம்கூடப் பண்ணினேன். கண்ணைத் திறந்தால் நாற்காலி நிற்கிறது. எழுந்தேன். அலமாரியைப் போய்க் கட்டிப்பிடித்தேன்.

"நீங்க நின்னுடுச்சுன்னு சொன்னப்போ அது சுத்திக்கிட்டு இருந்துச்சு. இடது பக்கம்னு சொன்னப்போ நின்னு போயிருந்துச்சு" என்றார் டாக்டர். "காதுக்குள்ள இருக்கிற தண்ணி பண்ற வேலை. கண்ணு ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும், நடுவுல மாட்டுறது வயிறு. மேகத்துக்குள்ள போற பைலட்டுக்கும் இதே காதுதான். அதனாலதான் அவங்க உடம்பை நம்பாம மீட்டரை நம்புறாங்க."

"மாத்திரை ஏதாவது?" என்றாள் ஸ்வாதி.

"இருக்கும்மா. தூக்கம் வரும். ஓட்டப் போறவளுக்கு அது ஆகாது. பட்டினியா போகாத, அது இன்னும் மோசம். லேசா சாப்பிடு. தூரத்துல பாரு. ஓட்டுறவங்களுக்கு வாந்தி வர்றது குறைவு, அடுத்த வளைவு எங்கன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். மத்தபடி, ஏற ஏறப் பழகும். விமானப்படைப் பயிற்சிக்கு வர்ற புதுப் பசங்கள்ல நிறைய பேர் எடுப்பாங்க."

"அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

"அந்தப் பயத்துலதான் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். தலை சுத்தினாலும் 'நான் ஃபிட்'னு சொல்லுவான், காது அடைச்சாலும் அதேதான். எங்களுக்கு அதுதான் பெரிய வியாதி."

சனி, மதியம் 1 மணி. ஆகுர்டியிலிருந்து காம்ஷெத், லோக்கலில் பத்து ரூபாய். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தளேகாவ் தாண்டியதும் அடுக்கு மாடிகள் ஓய்ந்து, காய்ந்த புல் மூடிய பழுப்பு மலைகள் பக்கத்தில் வருகின்றன. ஸ்வாதி இரண்டு கரண்டி போஹா, அதாவது அவல் உப்புமா, சாப்பிட்டிருந்தாள். சித்தப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னட்டி, ஒரு மாதிரி இருக்கா?"

"ரயில்ல எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நீங்க பாக்கிறதுதான் ஒரு மாதிரி இருக்கு."

கூட ஒருவரோடு பறக்க ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். ஓட்டுகிறவர் ஓம்கார், இந்த ஊர்க்காரர். "நீயும் வர்றியா?" என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டார். நாற்காலி நினைவுக்கு வந்தது. முழங்காலில் வலி என்றேன். யாரும் நம்பவில்லை.

மாலை 4 மணி. ஜீப் ஸ்வாதியை மேலே கொண்டுபோனது. நானும் சித்தப்பாவும் கீழே, அறுவடை முடிந்த வயலில், மாடுகளுக்கு நடுவே நின்றோம். மஞ்சள் குடை ஒன்று மலை விளிம்பிலிருந்து விலகியது. இடது, வலது என்று வளைந்தது. திடீரென்று வளைவு நின்று, ஒரே நேராகக் கொஞ்ச நேரம் போனது. பிறகு மறுபடி வளைவுகள். இந்தத் தடவை தடுமாற்றமாக, எல்.எல்.ஆர் போட்ட பையன் பைக் ஓட்டுவது போல.

"என்னலே இவன், குடிச்சிருக்கானா?" என்றார் சித்தப்பா.

இறங்கியதும் நான் முதலில் ஓடினேன். ஸ்வாதியின் கண்கள் பளபளத்தன. இடது சட்டைக் கையில் போஹா.

"உல்டி பண்ணேன் அண்ணா. மேல போன உடனே."

"சத்தம் போடாத. கீழேருந்து ஒண்ணும் தெரியலை. இந்தா தண்ணி, கையைக் கழுவு. அவரு கேட்டா சூப்பரா இருந்துச்சுன்னு சொல்லு."

அவள் கழுவவில்லை. பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டு, அந்தச் சட்டையோடு நேராகச் சித்தப்பாவிடம் போனாள்.

"அப்பா, நான் எடுத்தேன். அப்புறம் ஓம்கார் அண்ணா கயித்தை என் கையில குடுத்தார். அதுக்கப்புறம் வரலை. நான்தான் திருப்பினேன்."

சித்தப்பா சட்டையைப் பார்த்தார். ஓம்காரிடம் திரும்பி, அடுத்த கம்பெனி சரக்கைச் சோதிக்கிற குரலில் மராத்தியில் ஏதோ கேட்டார். வாந்திக்குப் பிறகு இவள் கை நடுங்கியதா என்று கேட்டாராம். ஸ்வாதிதான் எனக்குச் சொன்னாள். ஓம்கார் இல்லை என்று தலையாட்டி, தன் காலணியைத் துடைத்தபடியே எதுவோ சொல்லிச் சிரித்தார். அதை மட்டும் அவள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஸ்டேஷனில் சித்தப்பா ஆளுக்கொரு வடாபாவ் வாங்கினார், பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா. ஸ்வாதி அதைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ரயில் கிளம்பிய பிறகுதான் பேசினார்.

"ஏட்டி, மெஷின்ல புதுசா டூல் மாட்டினா மொத பீஸ் என்ன ஆவும்?"

"தெரியலப்பா."

"ரிஜெக்ட் ஆவும். செட்டிங் பீஸுன்னு சொல்லுவோம். அதை வச்சு எவனும் மெஷினைத் தூக்கிப் போட மாட்டான். ஆனா அந்தப் பீஸைப் பொட்டியில ஒளிச்சு வைக்கான் பாரு, அவனைத்தான் நான் வீட்டுக்கு அனுப்புவேன்." தண்ணீர் பாட்டில் இருந்த என் பையை ஒரு பார்வை பார்த்தார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை இன்னொரு பீஸ் ஓட்டிப் பாப்போம். இப்ப சாப்பிடு."

அவள் கடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ரசித்தேன். வெளியே இருட்டு, மலை எதுவும் தெரியவில்லை.

திங்கள் காலை கிளம்பினேன். புனேயை எவ்வளவு பார்த்தேன் என்றால், ஒரு நாற்காலி, ஒரு வயல், நாலைந்து மாடு. எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பஸ்ஸில் வாந்தி வந்தால், யாருக்கும் தெரியாமல் ஜன்னல் பக்கம் நகர்த்திவிடுவோம். நான் அப்படி வளர்ந்தவன். ரயில் தௌண்ட் தாண்டும்வரை அதுதான் மண்டைக்குள் ஓடியது.

அடுத்த ஞாயிறு இரவு சித்தப்பாவின் குரல் பதிவு வந்தது. பின்னால் லோக்கல் ரயிலின் சத்தம், ஸ்வாதியின் சிரிப்பு.

"ஏலே, இன்னைக்கும் எடுத்துட்டா. ஆனா எறங்குத நேரத்துலதான். பரவால்ல, முன்னேத்தம் தெரியுது. வார வாரம் வாரோம்னு அந்த ஓம்கார் பயகிட்ட சொல்லிட்டேன். ஃப்ளையிங் ஸ்கூலுக்கும் போன் போட்டேன். அங்க உள்ளவன் என்ன கேக்கான் தெரியுமா? 'பொண்ணுக்கு வாந்தி கீந்தி வருமா சார்'ங்கான். வரும்டே, நல்லா வரும்னு சொல்லிட்டேன்."