கூரைக்கு விட்ட ஓரம்

எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் தையல்தான் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. எங்கோ ஒரு நாட்டில் வெள்ளம் ஊர்களை விழுங்கியபோது, மீட்புப் படகுகளுக்கு வழிகாட்ட வரைபடம் இல்லையென்று கேள்விப்பட்டு, தன்னார்வலர்களோடு சேர்ந்துகொண்டார். வெள்ளத்துக்கு முன் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் பார்த்து, ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக் கோடு போடவேண்டும். கைப்பழக்கம் விடுமா? பின்னால் பிரித்துத் தைக்க இடம் விட்டுத் துணி வெட்டுவதுபோல, ஒவ்வொரு கூரைக்கும் நாலு பக்கமும் ஓரம் விட்டே வரைந்தார்.

“அக்கா, கூரையை யாரும் பிரிச்சுத் தைக்கப் போறதில்ல. ஒட்டியே வரைங்க!” என்று போனில் சிரித்தாள், வரைந்ததைச் சரிபார்க்கும் பெண்.

கடைசிப் படத்தில், ஒரு மரத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

“அது பாறைடி. விட்டுட்டு சாப்பிட வா,” என்றார் கணவர்.

“பாறையா இருந்தா படகு திரும்பிடும். வீடா இருந்தா?”

பழக்கத்தில் மரத்தையும் சேர்த்து ஓரம் விட்டே வரைந்துவிட்டார். ஆனால் சாப்பிடும்போதும் அதே நினைப்புதான். வேறொரு உயிரிடம் போகவேண்டிய படகை வீணாய் அலைய விட்டுவிட்டோமோ?

மறுநாள் அந்தப் பெண் அழைத்தாள். “வீடுதான் அக்கா. கூரையே தெரியாம முங்கிடுச்சு. ஆனா நீங்க விட்ட ஓரத்துல அந்த மரம் இருக்குல்ல, அதுமேல ஒரு அம்மாவும் பிள்ளையும் இருந்தாங்க. படகு கூட்டிட்டு வந்துடுச்சு.”

அக்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையவோ போல.

இப்போது அக்கா இல்லை. தையல் இயந்திரம் மூடிக் கிடக்கிறது. வரைபடத்தில் அந்த வீட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை. விட்ட ஓரத்தோடு அப்படியே இருக்கிறது.